50 டாலர் கட்டை உலகப் புகழ் பெற்றது!
சைக்கிள் பெயிண்டில் ஜொலித்த கிதார்

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் பாசடேனாவில் வளர்ந்தவர் எட்டி வான் ஹேலன். கிப்சன் கிதாரின் சத்தம் அவருக்குப் பிடிக்கும். பெண்டர் கிதாரின் அசைக்கும் கம்பியும் வேண்டும். இரண்டும் சேர்ந்த கிதார் கடையில் இல்லை. கையில் காசும் கம்மி.

என்ன செய்தார்? கழித்துப்போட்ட சரக்கில் ஒரு கட்டையை 50 டாலருக்கு வாங்கினார். கழுத்துக்கு 80 டாலர். பழைய கிப்சனின் பிக்கப்பைக் கழற்றி, கட்டையை உளியால் குடைந்து மாட்டினார். அது "கீச்"சென்று கத்தாமல் இருக்க, உருகிய மெழுகில் முக்கி எடுத்தார்.

டேப் வித்தை

முதலில் கறுப்பு பெயிண்ட். காய்ந்ததும் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டி, மேலே வெள்ளை அடித்தார். டேப்பை உரித்தால் கறுப்புக் கோடுகள்! 1978-ல் வந்த முதல் இசைத்தட்டின் அட்டையில் இருப்பது இந்தக் கிதார்தான்.

அப்புறம் சும்மா இருப்பார்களா? ஆளாளுக்குக் காப்பி அடித்தார்கள். எட்டி விடவில்லை. 1979-ல் மறுபடி டேப் ஒட்டி, சைக்கிளுக்கு அடிக்கும் சிவப்பு பெயிண்டை அடித்துவிட்டார்!

அதையும் காப்பி அடித்தார்கள் என்பது வேறு கதை.

2019-ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இந்தக் கிதாரைக் காட்சிக்கு வைத்தார்கள். அடுத்த ஆண்டு அக்டோபர் 6-ந்தேதி எட்டி புற்றுநோயால் இறந்தார். வயது 65.