ஒரே ஓவியம், பல மொழிகள்: மழலையர் படக்கதை நூல் உருவாகும் விதம்

மழலையர் படக்கதை நூலில் சில வரிகளே இருக்கும். ஆனால், அவற்றுக்கான ஓவியங்களைத் தீட்டி முடிக்கப் பல மாதங்கள் ஆகலாம். இந்தியாவில் இப்பணிக்குக் கூடுதல் சிக்கல் ஒன்றும் உண்டு: ஒருமுறை தீட்டிய ஓவியம் பல மொழிப் பதிப்புகளுக்கும் பொருந்தியாக வேண்டும்.

1957-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட நேஷனல் புக் டிரஸ்ட், 2004-இல் பெங்களூருவில் தொடங்கப்பட்ட பிரதம் புக்ஸ் போன்ற அமைப்புகள் ஒரே நூலைப் பல மொழிகளில் வெளியிடுகின்றன. வண்ண அச்சுக்கு நீலம், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என நான்கு தகடுகள் தேவை. எழுத்து முழுவதும் கருப்பில் மட்டும் இருந்தால், மொழி மாறும்போது கருப்புத் தகட்டை மாற்றினால் போதும், செலவு குறையும். எனவே, எழுத்து அமைய வேண்டிய இடத்தில் வெளிர் வானமோ மணல்வெளியோ வருமாறு ஓவியர் திட்டமிடுகிறார். அந்த இடமும் தாராளமாக இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு வரியில் அடங்குவது தமிழிலும் மலையாளத்திலும் இரண்டு வரிகளாக நீளக்கூடும். படத்தில் வரும் கடைப் பலகைகளில்கூட எழுத்துகள் தவிர்க்கப்படுகின்றன.

வண்ணம் தொடுவதற்கு முன், சிறு பென்சில் வரைவுகளைக் கொண்டு மாதிரி நூல் ஒன்று தயாராகிறது. பக்கத்தைப் புரட்டும்போது வியப்பு சரியான இடத்தில் வெளிப்படுகிறதா, கதாபாத்திரத்தின் முகம் நடு மடிப்பில் சிக்குகிறதா என்பவை அதில் தெரியும். நீர்வண்ணத்தில் பிழை திருத்துவது கடினம் என்பதால் இந்த நிலையே முக்கியமானது. எழுத்தறியாத குழந்தைக்குப் படமே கதை. முதல் பக்கத்தில் நான்கு கோழிக்குஞ்சுகள் இருந்து, ஐந்தாம் பக்கத்தில் மூன்று மட்டுமே இருந்தால், பெரியவர்கள் கவனிக்காவிட்டாலும் குழந்தை கேட்டுவிடும்.

தாளில் பளிச்சிடும் கிளிப்பச்சை அச்சில் மங்கிவிடுவதும் வழக்கம். சோதனை அச்சைப் பார்த்தே வண்ணங்கள் சரிசெய்யப்படுகின்றன.

உருதுப் பதிப்பு என்றால் வேறொரு சிக்கல் எழுகிறது. அம்மொழி வலமிருந்து இடமாகச் செல்வதால், பக்க வரிசையே தலைகீழாகும். இடமிருந்து வலமாக ஓடும் குழந்தை, கதைக்கு எதிர்த்திசையில் ஓடுவதுபோல் தோன்றும். படத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பினால் ஓட்டம் சரியாகிவிடும். ஆனால், வலக்கையால் சோறு உண்ணும் குழந்தை இடக்கையால் உண்ணத் தொடங்கிவிடும். உருதுப் பதிப்பும் வரும் என்பது முன்பே தெரிந்தால், இதற்கான தீர்வை மாதிரி நூலிலேயே ஓவியர் கண்டுவிட முடியும்.