பெயர் ஒன்று, செயல் பல

சித்தூர் மாவட்டத்தில் நகரியை அடுத்து ஒரு விஜயபுரம் இருக்கிறது. திருவாரூரிலும் ஒரு விஜயபுரம் உண்டு. 2024 செப்டம்பரில் அந்தமானின் போர்ட் பிளேருக்கு நடுவண் அரசு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் சூட்டியது. ஊர்ப்பெயரை மட்டும் தாங்கிய மடல் எங்கே போய்ச் சேரும்? மாவட்டத்தையும் அஞ்சல் குறியீட்டு எண்ணையும் கண்டே முடிவு செய்ய வேண்டும். ஜாவா நிரல்மொழியில் எழுதியதைக் கணினிக்குப் பெயர்த்துத் தரும் நிரல்பெயர்ப்பிக்கும் இதே பணிதான்.

ஓர் இனக்குழுவுக்குள் ஒரே பெயரில் பல செயற்கூறுகளை அமைக்க ஜாவா இடம் தருகிறது. மேல்நிலைக் கணினிப் பாடநூல்கள் இதனைப் பணிமிகுப்பு என்கின்றன. அழைப்பில் எத்தனை மதிப்புகள் வருகின்றன, அவை எத்தரவினத்தன என்பவையே அடையாளம். எதை அழைப்பது என்னும் இத்தேர்வு நிரல் இயங்குமுன், பெயர்க்கும்போதே முடிந்துவிடும். ஆகவே மாறிக்குள் பின்னர் என்ன வந்து அமரும் என்று நிரல்பெயர்ப்பி பாராது. எவ்வினமாக அறிவிக்கப்பட்டது என்பதையே பார்க்கும்.

தேடல் மூன்று படிகளில் நிகழ்கிறது. முதற்படியில், வந்த மதிப்பை அப்படியேயோ, ‘இன்ட்’ என்னும் முழுஎண் இனம் அதனினும் அகன்ற ‘லாங்’ ஆவதுபோல் விரித்தோ ஏற்கும் செயற்கூறுகள் மட்டும் ஆராயப்படும். அங்கு எதுவும் பொருந்தாவிடில், எண்ணை ‘இன்டிஜர்’ பொருளாகப் பொதிந்து தரும் இரண்டாம் படி. அதுவும் பொய்த்தால், எத்தனை மதிப்புகளையும் ஏற்கும் செயற்கூறுகளுக்கு மூன்றாம் படி. பின்னிரு வசதிகளும் 2004-இல் ஜாவா 5 உடன் வந்தவை; பழைய நிரல்களின் பொருள் அவற்றால் மாறிவிடலாகாது என்றே இவ்வரிசை வகுக்கப்பட்டது. இதன் விளைவு விந்தையானது. ‘லாங்’ ஏற்பதும் ‘இன்டிஜர்’ ஏற்பதும் அருகருகே இருக்க, 5 என்று அனுப்பினால் ‘லாங்’ வெல்லும்.

ஒரு படியில் பல செயற்கூறுகள் தகுதி பெற்றால், அவற்றுள் மிகக் குறுகிய இனத்தை ஏற்பதற்கே முதலிடம். அதுவும் தீர்க்காத வழக்குகள் உள்ளன. ஒரு செயற்கூறு ‘இன்ட், லாங்’ என்றும் மற்றொன்று ‘லாங், இன்ட்’ என்றும் கேட்க, நாம் இரண்டு 5-களை அனுப்பினால் எது சிறந்தது? முதல் இடத்தில் ஒன்று குறுகியது, இரண்டாம் இடத்தில் மற்றது. நிரல்பெயர்ப்பி நாணயம் சுண்டிப் பார்ப்பதில்லை. அழைப்பு ஈரடியானது என்று பிழை கூறி நின்றுவிடும். இரண்டாம் 5-ஐ ‘லாங்’ என்று குறித்தாலே சிக்கல் அவிழும்.

பிழை கூறி நிற்பதை நான் குறையாகக் கருதவில்லை. அஞ்சத்தக்கது, வாய் திறவாமல் செய்யும் தேர்வே. வெற்றைக் குறிக்கும் ‘நல்’ என்பதை, அச்சிடும் ‘பிரிண்ட்எல்என்’ செயற்கூறுக்கு நேரே கொடுத்தால், சரமா குறியுரு அணியா என்று தெரியாமல் பெயர்ப்பு நிற்கும். அதையே, சரமாக்கித் தரும் ‘ஸ்டிரிங்.வேல்யூஆஃப்’ என்பதற்குக் கொடுத்தால் குறியுரு அணி சத்தமின்றித் தேர்வாகி, ஓடும்போது நிரல் முறிந்து விழும். பட்டியலிலிருந்து நீக்கும் ‘ரிமூவ்’ இன்னும் நுட்பமான பொறி. எண்கள் நிறைந்த பட்டியலில் ‘ரிமூவ்’ 1 என்று எழுதினால் 1 என்னும் எண் நீங்காது. சுழியத்திலிருந்து எண்ணுகையில் 1-ஆம் இடத்தில் உள்ளது நீங்கும். முதற்படியிலேயே இடத்தைக் கேட்கும் செயற்கூறு பொருந்திவிட்டதன்றோ! பிழைச்செய்தி வராது, விடை மட்டும் தவறும்.

ஜாவாவின் திரட்டுச் சட்டகத்தை வடிவமைத்த ஜோஷுவா பிளாக், ‘எஃபெக்டிவ் ஜாவா’ நூலில் இதற்கு வழி சொல்கிறார்: ஏற்கும் மதிப்புகளின் எண்ணிக்கை ஒன்றாயிருக்கும் இரு செயற்கூறுகளுக்கு ஒரே பெயர் வேண்டா. எடுத்துக்காட்டாக, ஜாவா நூலகத்தின் ‘ஆப்ஜெக்ட்அவுட்புட்ஸ்ட்ரீம்’ இனக்குழுவில் ‘ரைட்இன்ட்’, ‘ரைட்லாங்’, ‘ரைட்பூலியன்’ எனத் தனித்தனிப் பெயர்களே உள்ளன. நிரல் எழுதப் பழகும் மாணவர்கள் இந்த இனக்குழுவை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும்.