பசுமைக் கட்டடம் பார்க்கப் போகும் மாணவருக்கு

கட்டடக்கலையும் சிவில் பொறியியலும் படிக்கும் மாணவர்களைப் பசுமைக் கட்டடங்களுக்குக் கள ஆய்வுக்காக அழைத்துப்போவது இன்று பல கல்லூரிகளில் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் பெரும்பாலும் பேருந்து கிளம்புவது டிசம்பரிலோ ஜனவரியிலோ, அதுவும் காலை வேளையில். பொறுப்பாளர் ஒருவர் வரவேற்புக் கூடத்தில் மாட்டியிருக்கும் தரச்சான்றைக் காட்டுவார், மாடியில் சூரியத் தகடுகளைக் காட்டுவார், மாணவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். மார்கழிக் காலையில் நம் ஊரில் எந்தக் கட்டடமும் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். ஒரு கட்டடத்தின் உண்மையான குணம் தெரிவது சித்திரை மாதப் பிற்பகல் மூன்று மணிக்கு. அதைவிடத் தெளிவாகத் தெரிவது அதன் ஓராண்டு மின் கட்டண ரசீதுகளில்.

இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால், சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட கடற்கரையிலேயே ஒரு மாணவர் கற்றுக்கொள்ள ஏராளம் இருக்கிறது.

முதலில் போகவேண்டிய இடம் புதுச்சேரியில் இருக்கும் கோல்கொண்டே. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் தங்கும் விடுதி அது. வடிவமைத்தவர் செக் நாட்டில் பிறந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்ட். அவருடைய அலுவலகத்திலிருந்து வந்து இங்கேயே தங்கி வேலையைக் கவனித்தவர் ஜார்ஜ் நகாஷிமா. பின்னாளில் மர நாற்காலி, மேசைகளுக்காக உலகப் புகழ் பெற்றவர். பணம் கொடுத்தது ஹைதராபாத் நிஜாமின் திவானாக இருந்த அக்பர் ஹைதரி. கோல்கொண்டே என்ற பெயரின் காரணம் அதுதான். 1930களின் பிற்பகுதியில் தொடங்கி 1940களில் முடிந்த இந்தக் கட்டடம், இந்தியாவில் இரும்புக் கம்பி கட்டி கான்கிரீட் ஊற்றி எழுப்பிய தொடக்க கால நவீனக் கட்டடங்களில் ஒன்று. குளிரூட்டும் இயந்திரத்தை நம்பாமல் கடலோரப் புழுக்கத்தைச் சமாளிக்கவே இது திட்டமிடப்பட்டது.

எப்படி? நீளமான இரண்டு முகங்களும் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன; கிழக்கு மேற்கில் குறுகிய பக்கங்கள் மட்டும். இதன் காரணத்தை மாணவர் சூரியனின் பாதையை வரைந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். புதுச்சேரி ஏறத்தாழ 12 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதிக்கு மேல் வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும், மற்ற மாதங்களில் தெற்கே. இரண்டிலுமே நண்பகல் வெயில் உயரத்திலிருந்து வருவதால் சிறிய மறைப்பு போதும், தடுத்துவிடலாம். காலையிலும் மாலையிலும் கிழக்கு மேற்கிலிருந்து சாய்ந்து வரும் வெயிலைத்தான் எந்த சன்ஷேடும் தடுக்காது. மேற்குச் சுவர் சூடேறிவிட்டால் இரவு பத்து மணி வரை அறைக்குள் அனலடிக்கும். நம் வீடுகளில் மேற்கு அறையில் படுத்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும்.

கோல்கொண்டேயின் வடக்கு, தெற்கு முகங்களில் சன்னல்களுக்குப் பதிலாக வரிசையாகச் சாய்மானத் தகடுகள். வேண்டியபோது திறந்து, மழையடிக்கும்போது மூடிக்கொள்ளலாம். அறைகள் ஒரே வரிசையில் இருக்கின்றன, வடக்கே நடைவழி. அறைக்கும் நடைவழிக்கும் நடுவில் இடைவெளி விட்டுப் பலகை அடித்த தேக்குத் தள்ளுகதவுகள். கதவைச் சாத்தினாலும் காற்று போகும், உள்ளே இருப்பவர் வெளியே தெரியமாட்டார். கூரையில் சமதளத்துக்கு மேலே வளைந்த கான்கிரீட் ஓடுகள், இரண்டுக்கும் நடுவே காற்றோடும் இடைவெளி. வெயில் ஓட்டைச் சுடுகிறது. அந்தச் சூடு தளத்துக்கு இறங்குவதற்குள் காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. மின்சாரம் கேட்காத ஏற்பாடு. இன்னொன்றையும் சொல்லவேண்டும்: அந்தச் சாய்மானத் தகடுகள் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமென்டால் ஆனவை. இன்று யாரும் அந்தப் பொருளைத் தேர்ந்தெடுக்கக்கூடாது. யோசனையை எடுத்துக்கொண்டு பொருளை மாற்றுவது எப்படி என்பது மாணவருக்கு நல்ல பயிற்சி. இது மக்கள் வசிக்கும் இடம் என்பதால் முன்அனுமதி வாங்கிக்கொண்டுதான் போகவேண்டும், போனால் சத்தமில்லாமல் பார்க்க வேண்டும்.

அங்கிருந்து ஆரோவில் பக்கம்தான். 1968 பிப்ரவரி 28இல் தொடங்கப்பட்ட அந்த ஊரில், 1989இல் மத்திய அரசின் வீட்டுவசதி நிதி நிறுவனமான ஹட்கோ உதவியுடன் உருவான கட்டட மையம்தான் இன்றைய ஆரோவில் மண் நிறுவனம். அங்கே பார்க்கவேண்டியது அழுத்திய மண்கல் செய்யும் முறை. தோண்டிய மண்ணைச் சலித்து, ஏறத்தாழ 5 சதவீதம் சிமென்ட் கலந்து, லேசாக ஈரப்படுத்தி, கையால் இயக்கும் அச்சு இயந்திரத்தில் அழுத்தி எடுக்கிறார்கள். பிறகு அடுக்கி வைத்து நான்கு வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்கிறார்கள். சூளை இல்லை, விறகும் நிலக்கரியும் இல்லை. சுட்ட செங்கல்லோடு ஒப்பிட்டால் செலவாகும் எரிசக்தி பல மடங்கு குறைவு. அந்தக் கல்லை வைத்து என்ன கட்டலாம் என்பதற்கு ஆரோவில் பார்வையாளர் மையத்தின் வளைவுகளே சாட்சி. அந்த மையத்துக்கு 1992இல் எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபத்தியின் பெயரிலான விருது கிடைத்தது.

இங்கே மாணவர்கள் வியந்து பார்த்துவிட்டு வந்தால் பாதிப் பாடம்தான் முடிந்திருக்கும். கேட்கவேண்டிய கேள்வி: என் ஊர் மண்ணில் இது வருமா? ஏறத்தாழ சரளை 15 சதவீதம், மணல் 50, வண்டல் 15, களிமண் 20 என்ற அளவில் அமைந்த மண் இதற்குப் பொருத்தம் என்கிறது அந்த நிறுவனத்தின் வழிகாட்டல். தஞ்சாவூர்ப் பக்கத்துக் களிமண்ணை அப்படியே அள்ளி அச்சில் போட்டால் காயும்போது வெடிக்கும், மணல் சேர்க்கவேண்டும். அந்த மணலை லாரியில் நூறு கிலோமீட்டர் கொண்டுவந்தால் மிச்சம் பிடித்த எரிசக்தியில் ஒரு பங்கு டீசலாகப் போய்விடும். ஊர் மண்ணைக் கண்ணாடிப் பாட்டிலில் பாதி அளவு போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, ஒரு நாள் அசையாமல் வைத்தால் மணலும் வண்டலும் களியும் அடுக்கடுக்காகப் படிந்துவிடும். செலவில்லாத சோதனை. கள ஆய்வுக்குக் கிளம்புவதற்கு முன்பே ஒவ்வொரு மாணவரும் தன் ஊர் மண்ணில் இதைச் செய்துவிட்டு, அந்தப் பாட்டிலோடு போனால் அங்கே நடக்கும் உரையாடலே வேறு மாதிரி இருக்கும். மண்ணை எடுத்த குழி என்ன ஆனது என்றும் கேட்கவேண்டும். அதை மழைநீர்த் தொட்டியாகவோ நிலத்தடி அறையாகவோ மாற்றத் திட்டமிட்டபிறகே தோண்டுவது அங்கே நடைமுறை.

ஆரோவிலின் சோலார் கிச்சன் கூரையில் 15 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கிண்ணம் இருக்கிறது. கிண்ணம் அசையாது, வெயில் குவியும் இடம்தான் நாள் முழுக்க நகரும், அதைப் பின்தொடர்ந்து வெப்பம் வாங்கும் குழாய் நகரும். அந்த வெப்பத்தில் நீராவி உண்டாக்கி ஆயிரம் பேர் அளவுக்குச் சமைக்கலாம் என்பது திட்டம். மேகம் போட்ட நாளுக்காக டீசல் கொதிகலனும் உண்டு. எந்தச் சூரிய சக்தித் திட்டத்தைப் பார்த்தாலும் மாற்று ஏற்பாடு என்ன, அது ஆண்டில் எத்தனை நாள் ஓடுகிறது என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இனி சான்றிதழ்கள். இந்தியப் பசுமைக் கட்டடக் கவுன்சில் 2001இல் உருவானது. 2003இல் ஹைதராபாத்தில் உள்ள அதன் கட்டடம், லீட் என்ற அமெரிக்கப் பசுமைத் தரச்சான்றின் உச்ச நிலையான பிளாட்டினத்தை அமெரிக்காவுக்கு வெளியே பெற்ற முதல் கட்டடமானது. லீட் முறையில் 80 புள்ளியும் அதற்கு மேலும் பிளாட்டினம், 60 முதல் 79 வரை தங்கம். சென்னையில் 2010இல் திறந்த கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் தங்கச் சான்று பெற்றது. பேருந்துக் கட்டணம் இருந்தால் யாரும் உள்ளே போய் உட்கார்ந்து பார்க்கலாம்.

இந்தப் புள்ளிகளில் எரிசக்திக்கான பங்கைக் கணினியில் உருவாக்கிய ஒப்பீட்டுக் கட்டடத்தோடு பார்த்துக் கொடுக்கிறார்கள். அதாவது நான்கு பக்கமும் கண்ணாடி போர்த்திய அலுவலகம், ஒப்பீட்டுக் கட்டடத்தைவிட 30 சதவீதம் குறைவாகச் செலவழித்தால் நல்ல புள்ளி வாங்கிவிடும். ஆனால் நிழலும் மின்விசிறியுமாக ஓடும் சாதாரண அலுவலகத்தைவிட அது பல மடங்கு மின்சாரம் தின்றுகொண்டிருக்கலாம். சான்று பொய் சொல்லவில்லை. அது வேறு கேள்விக்கான பதில். நமக்கு வேண்டிய கேள்வி, ஆண்டுக்கு ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை யூனிட் என்பது. மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2009 முதல் அலுவலகக் கட்டடங்களுக்குத் தரும் நட்சத்திரங்கள் இந்தக் கணக்கில்தான் அமைந்தவை. பன்னிரண்டு மாத யூனிட்டுகளைக் கூட்டிக் கட்டடப் பரப்பால் வகுத்தால் எண் கிடைத்துவிடும். 2,000 சதுர மீட்டர் கட்டடம் ஆண்டுக்கு 1,20,000 யூனிட் எடுத்தால் 60. பள்ளிக்கூடக் கணக்குதான். ஆனால் கேட்டுப் பாருங்கள், சான்றை மாட்டி வைத்திருக்கும் எத்தனை இடங்களில் இந்த எண்ணைச் சட்டென்று சொல்கிறார்கள் என்று.

தண்ணீருக்கும் இதே அளவுகோல். தமிழகத்தில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அப்படியிருந்தும் 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, நகரம் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றது. பருவமழை பொய்த்தது உண்மை. பல கட்டடங்களில் குழாய் இறங்குவது உறிஞ்சுகுழிக்கா, மழைநீர் வடிகாலுக்கா என்று யாரும் பார்க்காமல் விட்டதும் உண்மை. சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 10,000 சதுர அடி மொட்டை மாடியில் விழுவது 13 லட்சம் லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 10 லட்சம் லிட்டர் மிஞ்சும். அது எங்கே போகிறது என்று குழாயோடு நடந்துபோய்ப் பார்ப்பதைவிடச் சிறந்த கள ஆய்வு எனக்குத் தெரியவில்லை. பெரிய அளவில் பார்க்க விரும்புவோர் கோயம்பேட்டுக்குப் போகலாம். கழிவுநீரை எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறை வரை சுத்திகரித்து, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதித் தொழிற்சாலைகளுக்கு அனுப்ப, நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறனுள்ள நிலையம் 2019 முதல் அங்கே இருக்கிறது.

கல்லூரி முதல்வர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கள ஆய்வை ஏப்ரலுக்கு மாற்றுங்கள், பிற்பகலில் அழைத்துப்போங்கள். மாணவர் குழுவுக்கு ஒரு வெப்பமானி கொடுங்கள். உள்ளே, வெளியே, கூரைக்கு நேர்கீழே என்று மூன்று இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். போகுமிடத்தில் ஓராண்டு மின் ரசீதையும் தண்ணீர்க் கணக்கையும் முன்கூட்டியே கடிதம் எழுதிக் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், உங்கள் கல்லூரியின் சொந்த ரசீதுகளை மாணவர்கள் கையில் கொடுங்கள். முதல் ஆய்வு அங்கிருந்தே தொடங்கட்டும்.