அவசரமாகக் குளிர்ந்த கசடு

நெதர்லாந்தின் தென்மேற்கில், கிழக்கு ஸ்கெல்ட் கழிமுகத்தின் குறுக்கே சுமார் 9 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு வெள்ளத்தடுப்பு நிற்கிறது. 1953 பிப்ரவரியில் கடல் உள்ளே புகுந்து அந்த நாட்டில் 1,836 பேரைக் கொண்டுபோன பிறகு எடுத்த முடிவு அது. 1986இல் திறந்தார்கள். உப்புநீரிலேயே நிற்கும் அதன் 65 தூண்களும் 200 ஆண்டுகள் தாங்க வேண்டும் என்பது கணக்கு. அந்தக் கான்கிரீட்டுக்குப் போட்ட சிமென்டில் பெரும்பங்கு, இரும்பு உருக்கும்போது மிஞ்சும் கசடு.

ஊதுலையில் தாதுவோடு சுண்ணாம்புக்கல்லையும் சேர்ப்பார்கள். தாதுவின் மணலையும் களிமண்ணையும் சுண்ணாம்பு பிடித்துக்கொள்ள, அந்தக் குழம்பு உருகிய இரும்பின்மேல் மிதக்கும். ஒரு டன் இரும்புக்கு ஏறத்தாழ 300 கிலோ கசடு. 1,500 டிகிரி அளவில் ஓடிவரும் அதைக் குழியில் கொட்டி மெல்ல ஆறவிட்டால், அணுக்கள் ஒழுங்காக வரிசைப்பட்டுப் படிகமாகிவிடும். சாலை ஜல்லிக்கு ஆகும், சிமென்டுக்கு ஆகாது. அதே குழம்பின்மேல் தண்ணீரைப் பீய்ச்சியடித்தால் அணுக்களுக்கு வரிசைப்பட நேரமே இல்லை; மணல்போன்ற கண்ணாடித் துகள்களாக உறைந்துவிடும். இரண்டும் ஒரே பொருள். ஆறிய வேகம்தான் வேறு. இதைவிட வியப்பான வேதியியலைக் கட்டுமானத் துறையில் நான் அறிந்ததில்லை.

இந்தக் கண்ணாடியை மாவாக அரைத்துத் தண்ணீர் மட்டும் விட்டால் பெரிதாக ஒன்றும் நடக்காது. சுண்ணாம்பு சேர்ந்தால் இறுகும் என்று 1862இல் ஜெர்மனியின் எமில் லாங்கன் கண்டார். சாதாரண சிமென்ட் தண்ணீரோடு வினைபுரியும்போது அந்தச் சுண்ணாம்பு தானாகவே வெளிவருகிறது. அதன் காரம் கண்ணாடியைக் கரைக்க, சிமென்ட் தரும் அதே வகைப் பசை மேலும் உண்டாகி நுண்துளைகளை அடைக்கிறது. உப்பு உள்ளே நுழைந்து கம்பியைத் துருவேற்றுவதுதான் கடலோரக் கான்கிரீட்டுக்கு எமன். இங்கே அதற்கு வழி கிடைப்பது கடினம்.

சிமென்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லே கரியமில வாயுவைக் கக்குகிறது. எரிபொருளை மாற்றினாலும் அது நிற்காது. கசடு கலந்த அளவுக்கு அந்தச் சூளைவேலை குறைகிறது.

இந்தியத் தர நிர்ணயம் ஸ்லாக் சிமென்டில் 25 முதல் 70 சதவீதம் வரை கசடை அனுமதிக்கிறது. வாங்குகிறவர்கள் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும்: இது நிதானமாகத்தான் வலுவேறும். சென்டிரிங்கை அவசரப்பட்டுப் பிரிப்பதும், தண்ணீர் விடுவதைப் பாதியில் நிறுத்துவதும் அதைக் கெடுத்துவிடும். பலகையைப் பிரித்ததும் கான்கிரீட் நீலப்பச்சையாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். கசடிலுள்ள கந்தகச் சேர்மங்கள் தரும் நிறம் அது, காற்றுப்பட்டால் வெளுத்துவிடும்.

பழைய இரும்பை மின்சாரத்தில் உருக்கும் உலைகள் பெருகப் பெருக, ஊதுலைக் கசடு அருகும். மின் உலைக் கசடின் சேர்க்கை வேறு. அது இந்த இடத்தை அப்படியே நிரப்பாது. இருக்கும் கசடை முதலில் கடலோரத் தூண்களுக்கும் பாலங்களுக்கும் ஒதுக்க வேண்டும் என்பேன்.