சென்னையின் மூன்று 22-ஆம் தேதிகள்



வருடப் பிறப்புக்கு நாம் அச்சடித்து வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் தினசரிக் காலண்டரில் ராகுகாலம், எமகண்டம், கரிநாள், கிருத்திகை எல்லாம் இருக்கும். நாம் கடை வைத்துப் பிழைக்கிற சென்னைப் பட்டணத்தின் நாட்கள் மட்டும் பெரும்பாலும் இருக்காது. ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் என்று அடுத்தடுத்த மூன்று மாதங்களிலும் 22-ஆம் தேதி நம் ஊருக்கு முக்கியமான நாள்.

முதலாவது பலருக்கும் தெரிந்ததுதான். 1639 ஆகஸ்ட் 22. கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த பிரான்சிஸ் டே, நாயக்கரிடமிருந்து இந்தக் கடற்கரை நிலத்தைப் பெற்ற நாளாக அதைக் கொள்கிறார்கள். 2004 முதல் 'சென்னை தினம்' என்று கூட்டம், கண்காட்சி எல்லாம் நடக்கின்றன. கம்பெனிக்காரன் வந்தது துணி கொள்முதலுக்கு. வியாபாரத்துக்காகவே பிறந்த ஊர் இது. ஆனாலும் விழா மேடைகளில் வியாபாரிகளை அதிகம் காணோம்!

இரண்டாவது, 1914 செப்டம்பர் 22. முதல் உலகப் போர் நேரம். இரவு ஒன்பது மணிக்கு மேல் 'எம்டன்' என்ற ஜெர்மானியக் கப்பல் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று சுமார் 130 குண்டுகளை வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. உயிர்ச்சேதமும் உண்டு. பயந்துபோன ஜனங்கள் மூட்டை முடிச்சுடன் வெளியூர்களுக்குக் கிளம்பினார்கள். உயர்நீதிமன்றச் சுற்றுச்சுவரில் இதற்கான கல்வெட்டு இருக்கிறது. சாமர்த்தியக்காரனை 'சரியான எம்டன்' என்று சொல்லும் வழக்கும் அப்படி வந்ததுதான்.

மூன்றாவது நாளைத்தான் யாரும் கொண்டாடுவதில்லை. அது நம்முடைய நாள்.

1906 அக்டோபர் 22, திங்கட்கிழமை. அர்பத்நாட் கம்பெனி பணம் கொடுப்பதை நிறுத்தியது. பாரி, பின்னி, அர்பத்நாட் மூன்றும் அக்காலத்துச் சென்னையின் பெரிய வெள்ளைக்காரக் கம்பெனிகள். அர்பத்நாட் வணிகத்தோடு வங்கித் தொழிலும் செய்தது, ஊராரிடம் டெபாசிட் வாங்கியது. பெயர் பெரிது, வட்டியும் கூடுதல். ஓய்வு பெற்றவர்கள், விதவைகள், வியாபாரிகள் எல்லாரும் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அந்தப் பணத்தில் பெரும்பகுதி லண்டனில் ஊக வணிகத்தில் போயிற்று. அங்கிருந்த கூட்டாளி மக்ஃபேடியன் தன்னை மாய்த்துக்கொண்டார். இங்கிருந்த சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதம் கடுங்காவல். போட்டவர்களுக்கு வந்தது சொற்பம்.

நம்மவர்கள் அழுதுகொண்டு மட்டும் உட்காரவில்லை. வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று, செட்டிநாட்டுச் செல்வர்களும் சேர்ந்து, நமக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று கிளம்பினார்கள். 1907 மார்ச் 5-இல் இந்தியன் வங்கி பதிவாயிற்று. ஆகஸ்ட் 15-இல் வேலை தொடங்கியது. நம்மில் பலரும் கணக்கு வைத்திருக்கும் வங்கி, ஒரு கம்பெனி கவிழ்ந்த இடத்தில் முளைத்தது.

இதை எழுதக் காரணம் உண்டு. 1990-களில் நம் வட்டாரத்தில் ஒரு நிதி நிறுவனம் திறந்தார்கள். நூற்றுக்கு இரண்டரை ரூபாய் மாத வட்டி. திறப்பு விழாவுக்குக் குத்துவிளக்கு ஏற்றப் போனவர்களில் நாங்களும் ஒருவர். நாங்கள் போட்டோம், போனது. அது எங்கள் பேராசை, அதைப் பற்றிப் புலம்பவில்லை. எங்கள் மண்டியில் 20 வருடம் பேரேடு எழுதிய கணக்குப்பிள்ளை, பெண் கல்யாணத்துக்கு வைத்திருந்த 40,000 ரூபாயை அங்கே போட்டார். "முதலாளியே போட்டிருக்கிறார், எனக்கென்ன பயம்" என்றாராம். எட்டாம் மாதம் கதவில் பூட்டுத் தொங்கியது.

பாதிப் பணத்தைத் தவணையாக நாங்கள் கொடுத்தோம். மீதியை அவர் கேட்கவில்லை. வியாபாரம் மந்தம் என்று நாங்களும் கொடுக்கவில்லை. கல்யாணம் இரண்டு வருடம் தள்ளிப் போயிற்று. பிறகு கையில் பணம் புரண்டபோது அவர் இல்லை. அவர் பெண்ணைத் தேடிப் போய்க் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார், காபி கொடுத்தார், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மே 5-இல் வணிகர் தினத்துக்குக் கடையடைத்து மாநாட்டுக்குப் போகிறோம், நல்லது. அக்டோபர் 22-க்குக் கடையடைப்பு வேண்டாம். அன்று இரவு கல்லாவைக் கட்டிய பிறகு சங்கக் கட்டடத்தில் ஒரு மணி நேரம் கூடினால் போதும். யாரிடம் எவ்வளவு போட்டிருக்கிறோம், நம் பெயரை நம்பி யார் யார் போட்டிருக்கிறார்கள் என்று வாய்விட்டுப் பேசலாம். கணக்குப்பிள்ளையின் அந்த டெபாசிட் ரசீது எங்கள் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. கொண்டு வருகிறோம். இப்படிப்பட்ட ரசீது வைத்திருக்கும் அன்பர்களும் எடுத்து வரலாம்.