புளித்த கூழும் சாடி மதுவும்

துறையூரிலிருந்து பச்சைமலை ஏறினால் டாப் செங்காட்டுப்பட்டி. வழியெல்லாம் இப்போது மரவள்ளி. ஆனால் பச்சைமலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் பழைய விளைச்சல் சாமையும் தினையும் கேழ்வரகும்தான். மாவைக் கரைத்து இரவெல்லாம் புளிக்கவிட்டு, மறுநாள் கூழாகக் காய்ச்சுவது தமிழ்நாட்டின் நெடுநாள் வழக்கம். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம் போதும்.

அந்தப் புளிப்பையே வேறு பக்கம் திருப்பினால் மது. ஜப்பானியர் சாக்கே வடிக்க அரிசியைத் தீட்டித் தீட்டி மேற்புறத்தைக் கழிக்கிறார்கள். மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க கோஜி என்னும் பூஞ்சையை வளர்க்கிறார்கள். நம்மவர் கையாண்ட முறையைச் சங்க நூலான பெரும்பாணாற்றுப்படை சமையல் குறிப்புபோலவே சொல்கிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவினார்கள். வாயகன்ற தட்டில் ஆற்றி, 'நல்லடை' கலந்தார்கள். முளையை இடித்துச் செய்தது அது என்கிறது பழைய உரை. கோஜியின் வேலையை இங்கே முளையே பார்த்துக்கொண்டது. இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிந்து சாடியில் விளைந்ததை விரலால் அலைத்துப் பிழிந்தார்கள். மலையூர்களிலோ மூங்கில் குழாயில் முதிர்ந்த தேன் மது. அதைச் சொல்வது மலைபடுகடாம்.

இன்று வீட்டில் மது வடிப்பது சட்டப்படி குற்றம். மலை ஏறி வந்தவர்கள் கூழைக் கேட்டு வாங்கிக் குடிக்கலாம்.