மூக்கில் ரத்தம்... கோளாறு குடலிலா?



சித்திரை வெயிலில் சிவகாசி, சாத்தூர் பக்கம் யாருக்காவது மூக்கில் ரத்தம் வந்தால், "உடம்பு சூடுப்பா, இளநீர் குடி" என்று முடித்துவிடுவோம். பெரும்பாலும் அதோடு சரியாகியும் விடும். ஆனால் பல் துலக்கும்போதெல்லாம் ஈறில் ரத்தம், எங்கும் இடிக்காமலே தோலில் நீலத்திட்டு, மாதவிடாயில் அளவுக்கு மீறிய உதிரப்போக்கு (இதைத் தோழிகள் வீட்டில்கூடச் சொல்வதில்லை) என்று தொடர்ந்தால் சூடு என்று விடக்கூடாது. அச்சகத்துக் கட்டிங் மிஷினில் விரல் கீறி, ரத்தம் நிற்காமல் போன பிறகா தெரிந்துகொள்வது? டெங்கு, பிளேட்லெட் குறைவு, கல்லீரல் கோளாறு என்று காரணங்கள் பல உண்டு. அபூர்வமாக, யாரும் சட்டென்று நினைக்காத ஒன்றும் உண்டு: சீலியாக் நோய்.

கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதம் சிலருக்கு ஆகாது. அதைச் சாப்பிட்டால் உடம்பின் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கும். நம்ம பாஷையில் சொன்னால், ரேடியேட்டருக்கு ஃபின் எப்படியோ, குடலுக்குக் குடலுறிஞ்சிகள் அப்படி. பரப்பைக் கூட்டத்தான் இருக்கின்றன. அவை மழுங்கிப்போனால் சாப்பாடு உள்ளே போகும், சத்து ரத்தத்தில் சேராது. கொழுப்போடு சேர்ந்து உறிஞ்சப்படும் வைட்டமின் கே-யும் நழுவிவிடும். அது இல்லாமல் கல்லீரலால் 2, 7, 9, 10 ஆகிய உறைகாரணிகளைச் சரியாகத் தயாரிக்க முடியாது. அப்புறம் ரத்தம் எப்படி உறையும்? முருங்கைக்கீரையை எவ்வளவு தின்றாலும் போதாது. வயிற்றுப்போக்கு இல்லாமலேகூட இது வரலாம்.

"இது வடக்கத்தி வியாதியாச்சே?" என்பீர்கள். 2016-இல் வெளியான ஆய்வில் ரத்தத்தில் இந்த நோய்க்கான எதிர்ப்பொருள் இருந்தது வட இந்தியாவில் நூற்றுக்கு 1.23 பேருக்கு, தெற்கே 0.10 பேருக்குத்தான். ஆனால் இதற்கு இடம்கொடுக்கும் மரபணு இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு. வித்தியாசம் கோதுமையில்: அங்கே நாளுக்குச் சராசரி 455 கிராம், இங்கே 25. விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவை ராத்திரி நாலு உள்ளே தள்ளுகிற நமக்கு அந்த 25 பொருந்துமா என்ன!

புரோத்ராம்பின் டைம் என்ற ரத்தச் சோதனையில் உறையும் நேரம் கூடியிருக்கும். வைட்டமின் கே ஊசி போட்டதும் ஓரிரு நாளில் அது இறங்கினால், சந்தேகம் குடல் பக்கம் திரும்பும். பிறகு டி.டி.ஜி. ரத்தச் சோதனை, எண்டோஸ்கோப்பி. ஒன்று முக்கியம்: சோதனைக்கு முன்னால் நீங்களாகவே கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் ரிசல்ட் தப்பாக வரலாம்.

நோய் உறுதியானால் ஆயுள் முழுக்கக் கோதுமை கிடையாது. நமக்கு இட்லி, தோசை, கம்பங்கூழ் இருக்கிறது, கவலையில்லை. மாட்டிவிடுவது ரவையும் சேமியாவும்தான். ஹாஸ்டல் சாம்பாரில் போடும் பெருங்காயத்தூளில்கூட மைதா கலந்திருப்பதுண்டு. டப்பாவைத் திருப்பிப் படித்துப் பார்த்துத்தான் போடச் சொல்ல வேண்டும்.